பள்ளி லேப் கம்ப்யூட்டரில் வீடியோ எடிட்டிங் கேஷ்: எங்கே சேர்கிறது, எதை அழிக்கலாம், எதைத் தொடவே கூடாது

"மிஸ், எக்ஸ்போர்ட் பாதியிலேயே நின்னுடுச்சு, டிஸ்க் ஃபுல்னு வருது."

ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி லேபில் இப்படிச் சொல்லியிருக்கிறாள். அப்போது நான் வேறு வகுப்பில் இருந்தேன். லேபில் இருந்த ஒருவர், உதவி செய்யும் எண்ணத்தில்தான், டி டிரைவைத் திறந்து எந்த ஃபோல்டர் பெரிதாகத் தெரிந்ததோ அதையெல்லாம் அழித்து இடம் பண்ணிக் கொடுத்துவிட்டார். அதில் ஒன்றின் பெயர் 'நியூ ஃபோல்டர் 3'. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வாரமாக ஊர்க் குளத்தைச் சுற்றி எடுத்த ஃபுட்டேஜ் மொத்தமும் அதற்குள்தான் இருந்தது. ஃபோனில் இடமில்லை என்று ஃபோனிலிருந்து ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தார்கள். உண்மையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது சி டிரைவில் யார் கண்ணிலும் படாமல் மறைந்திருந்த 40 ஜிபிக்கு மேற்பட்ட கேஷ், அதாவது எடிட்டிங் சாஃப்ட்வேர் தன் வசதிக்காகச் செய்து வைத்துக்கொள்ளும் தற்காலிக ஃபைல்கள். அதை யாரும் தொடவே இல்லை.

இதற்கு அந்த உதவியாளரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அழிக்கலாம் என்பதும் அழிக்கக் கூடாது என்பதும் பெயரில்லாமல் கலந்து கிடந்தால், அவசரத்தில் யார் கை வைத்தாலும் இதுதான் நடக்கும். அதற்கப்புறம் லேபையே நான் மாற்றி அமைத்தேன். அப்போது செய்தவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ், கேடன்லைவ் என்ற மூன்று எடிட்டிங் சாஃப்ட்வேர்களையும் பார்ப்போம்.

கேஷ் ஏன் இவ்வளவு பெருக்கிறது

ஃபோன் எடுக்கும் வீடியோ கடுமையாகச் சுருக்கப்பட்டது. ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக அதில் இருக்காது, முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பது மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். பார்ப்பதற்கு அது போதும். எடிட் செய்யும்போது டைம்லைனில் முன்னும் பின்னும் இழுப்போம் அல்லவா, அப்போது ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் அந்தக் கணக்கைப் போட்டு முழுப் படத்தைக் கட்டியெழுப்ப வேண்டும். லேபில் இருக்கும் சாதாரண கம்ப்யூட்டர்கள் அதற்குத் திணறும். அதனால்தான் சாஃப்ட்வேர் சுலபமாகப் படிக்கக்கூடிய இன்னொரு நகலைச் செய்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. அந்த நகல்தான் கேஷ். படிக்கச் சுலபம் என்றால் சுருக்கம் குறைவு என்று அர்த்தம், அளவு ஏறுவது அதனால்தான்.

கணக்காகப் பாருங்கள். ஃபோனில் எடுத்த 1080 வீடியோ ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 எம்பி. அதே ஒரு நிமிடத்தை ரிசால்வ் உயர்தர டிஎன்எக்ஸ் வடிவத்தில் கேஷ் செய்தால், நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில், ஏறத்தாழ 1.4 ஜிபி. பத்து மடங்கு. பத்து நிமிட டைம்லைன் ஒன்றுக்கு 14 ஜிபி ஆகிறது. ஒரே கம்ப்யூட்டரை ஆறு குழு மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் 84 ஜிபி. லேப் கம்ப்யூட்டரில் இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டி என்றால் விண்டோஸில் 238 ஜிபி என்றுதான் காட்டும், அதில் விண்டோஸும் சாஃப்ட்வேர்களும் பிடிப்பது போக மிச்சத்தில்தான் இத்தனையும் அடங்க வேண்டும்.

ஒலியும் சும்மா இருப்பதில்லை. பிரீமியர் புரோ ஃபோன் வீடியோவின் சுருக்கிய ஒலியை 32 பிட் ஒலியாக விரித்து எழுதிக்கொள்ளும். ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 23 எம்பி, மணிக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி. ஒன்றிரண்டு பேருக்கு இது பெரிதாகத் தெரியாது, ஒரு வருடம் முழுக்க எல்லா செக்‌ஷனும் ஓடும் லேபில் தெரியும்.

முதல் வேலை: எதையும் அழிக்காமல் பாருங்கள்

எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் விஸ்ட்ரீ, விண்டிர்ஸ்டாட், ட்ரீசைஸ் ஃப்ரீ இவற்றில் ஏதாவது ஒன்றை ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, நிர்வாகி உரிமையோடு திறந்து சி டிரைவை ஸ்கேன் செய்யுங்கள். நிர்வாகி உரிமை இல்லாமல் திறந்தால் மற்ற லாகின்களின் ஃபோல்டர்கள் கணக்கிலேயே வராது, "இடம் போயிருக்கு, ஆனா எங்கேன்னு தெரியலை" என்று குழம்புவீர்கள்.

ஒவ்வொரு சாஃப்ட்வேரும் கேஷ் வைக்கும் இடம்:

பிரீமியர் புரோ: சி டிரைவ், யூசர்ஸ், அந்த லாகின் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, காமன். அதற்குள் 'மீடியா கேஷ்', 'மீடியா கேஷ் ஃபைல்ஸ்', 'பீக் ஃபைல்ஸ்' என்று ஃபோல்டர்கள் இருக்கும். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட ஃபோல்டர், அதனால் சாதாரணமாகத் தேடினால் கிடைக்காது. விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி வரும் ரன் பெட்டியில், இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடித்தால் நேராக ரோமிங்குக்கே போய்விடும்.

ரிசால்வ்: 'கேஷ்கிளிப்' என்ற ஃபோல்டர், நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் பெரும்பாலும் அந்த லாகினின் வீடியோஸ் ஃபோல்டருக்குள்.

கேடன்லைவ்: விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், அதற்குள் கேடன்லைவ். உபுண்டு போன்ற லினக்ஸ் லேபில் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் கேஷ் ஃபோல்டரில். கண்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால் அது தெரியும்.

எந்த கம்ப்யூட்டரில் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எனக்கு அந்த முதல் கணக்கெடுப்பிலேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது: ஜன்னலோரம் இருக்கும் நாலு கம்ப்யூட்டரில்தான் பிள்ளைகள் அதிகம் உட்கார்கிறார்கள், கேஷும் அங்கேதான் மலையாகக் கிடக்கிறது.

எது கேஷ், எது கேஷ் மாதிரித் தெரியும் ஆனால் இல்லை

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள், தப்பு நடப்பது இங்கேதான்.

எப்போது அழித்தாலும் சுலபமாக மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம் என்பவை: மீடியா கேஷ், ஒலி அலை வரைவதற்கான பீக் ஃபைல்கள், ரெண்டர் கேஷ், பிரிவியூ ஃபைல்கள், சின்னச் சின்ன தம்ப்நெயில் படங்கள். அழித்த பிறகு ப்ராஜெக்டை முதல் முறை திறக்கும்போது மெதுவாக இருக்கும், அவ்வளவுதான் நஷ்டம்.

மறுபடி உருவாக்கலாம், ஆனால் நேரம் பிடிக்கும் என்பவை: ப்ராக்ஸி ஃபைல்கள், அதாவது எடிட் செய்யும்போது மட்டும் அசலுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் இலகுவான நகல்கள், அதே வேலையைச் செய்யும் ரிசால்வின் ஆப்டிமைஸ்டு மீடியா. பழைய கம்ப்யூட்டரில் ஒரு மணி நேர ஃபுட்டேஜுக்கு ப்ராக்ஸி போட ஒரு முழு பீரியடும் போய்விடும். அந்தக் குழுவின் படம் முடியும்வரை இவற்றை விட்டுவிடுங்கள்.

தொடவே கூடாதவை: அசல் ஃபுட்டேஜ், ப்ராஜெக்ட் ஃபைல், பாட்டு, பதிவு செய்த குரல், டைட்டிலுக்காகச் செய்த படங்கள். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேர் ஏமாறுவது வேறு இரண்டில். ஒன்று, பிரீமியரின் ஆட்டோ சேவ் ஃபோல்டர். பிரிவியூ ஃபைல்ஸ் ஃபோல்டரும் ஆட்டோ சேவ் ஃபோல்டரும் பெரும்பாலும் ப்ராஜெக்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், இரண்டின் பெயரும் அடோபி பிரீமியர் புரோ என்றுதான் ஆரம்பிக்கும், ஒன்றை அழிக்கும்போது சேர்த்து அதையும் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். கரண்ட் போய் ப்ராஜெக்ட் ஃபைல் கெட்டுப்போனால் காப்பாற்றப்போவது அந்த ஆட்டோ சேவ்தான், யூபிஎஸ் இல்லாத லேபில் அதன் மதிப்பு உங்களுக்கே தெரியும். இரண்டாவது, ரிசால்வின் கேலரி ஃபோல்டர். கேஷ்கிளிப்புக்குப் பக்கத்தில், புள்ளியில் தொடங்கும் பெயரோடு இருக்கும், ஏதோ தற்காலிகக் குப்பை மாதிரித் தெரியும். பிள்ளைகள் கலர் செய்து சேமித்த ஸ்டில்கள் அதில்தான் இருக்கின்றன.

இடத்தைப் பிரித்து வைப்பது

டிஸ்க் ஒன்றே ஒன்றுதான் இருந்தாலும் அதை சி, டி என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லா கம்ப்யூட்டரிலும் அதே எழுத்து, உள்ளே அதே பெயரில் ஃபோல்டர்கள். பிரீமியர் ப்ராஜெக்ட் ஒவ்வொரு கிளிப்பையும் முழு முகவரியோடுதான் நினைவில் வைத்திருக்கும். எல்லா மெஷினிலும் முகவரி ஒரே மாதிரி இருந்தால், ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டர் மக்கர் செய்யும் நாளில் குழுவின் ஃபோல்டரை அப்படியே ஒன்பதாம் நம்பருக்கு நகலெடுத்து வேலையைத் தொடரலாம், மீடியா ஆஃப்லைன் என்ற சிவப்புத் திரை வராது.

டி டிரைவுக்குள் நான் வைத்திருப்பது இரண்டே ஃபோல்டர். ஒன்று 'வேலை', இன்னொன்று 'அழிக்கலாம்'. ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைத்திருக்கிறேன், ஃபோல்டர் பெயரில் தமிழ் எழுத்து இருந்து எந்தப் பழைய சாஃப்ட்வேரும் தகராறு செய்யக் கூடாது என்ற முன்ஜாக்கிரதைக்காக. 'வேலை'க்குள் வகுப்பு, குழு என்று தனித்தனி ஃபோல்டர், ஒவ்வொன்றுக்குள்ளும் ஃபுட்டேஜ், ஒலி, ப்ராஜெக்ட், முடிந்தது என்று நான்கு. கேஷ் எல்லாம் 'அழிக்கலாம்' ஃபோல்டருக்குள். என்ன செய்யலாம் என்பதை ஃபோல்டரின் பெயரே சொல்லிவிடுகிறது, நான் அங்கே இல்லாத நேரத்திலும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். கேஷ் ஃபோல்டரை ஒருபோதும் ஃபுட்டேஜ் இருக்கும் ஃபோல்டருக்குள்ளோ, டிரைவின் முதல் தளத்திலோ வைக்காதீர்கள். 2017-இல் வந்த பிரீமியர் புரோ 11.1.0 பதிப்பில், கேஷைத் தானாக அழிக்கும் வசதி கேஷ் அல்லாத ஃபைல்களையும் சேர்த்து அழித்தது, கேஷ் இருக்கும் இடத்தை மாற்றி வைத்திருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த 11.1.1-இல் அடோபி அதைச் சரிசெய்தது, மீடியா கேஷ் என்ற உள்ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டுமே தொடும்படி. அமெரிக்காவில் ஒரு வீடியோகிராஃபர் 2018-இல் வழக்கே போட்டார். இப்போதைய பதிப்புகளில் அந்தக் கோளாறு இல்லைதான், ஆனாலும் தனி இடம் தனி இடமாகவே இருக்கட்டும்.

பிரீமியர் புரோ: என்ன மாற்ற வேண்டும்

எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் மீடியா கேஷ். இரண்டு இடம் கேட்கும், ஒன்று கேஷ் ஃபைல்களுக்கு, ஒன்று கேஷ் டேட்டாபேஸுக்கு. இரண்டையும் 'அழிக்கலாம்' ஃபோல்டருக்கு மாற்றுங்கள். பழையதை நகர்த்தலாமா என்று கேட்டால் நகர்த்த வேண்டாம், அதைத் தனியாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே சுத்தம்.

அதே பக்கத்தில், கேஷை அசல் ஃபைலுக்குப் பக்கத்திலேயே சேமிக்கச் சொல்லும் ஒரு டிக் பெட்டி இருக்கும். பள்ளி லேபில் அது காலியாகவே இருக்க வேண்டும். டிக் போட்டால் ஃபுட்டேஜ் ஃபோல்டருக்குள்ளும் பிள்ளைகளின் பென்டிரைவிலும் கேஷ் தெளித்தாற்போல் கிடக்கும், பிரித்து வைத்ததே வீணாகிவிடும்.

கீழே தானாக அழிக்கும் வசதி. ஆரம்பத்தில் 'தானாக அழிக்காதே' என்பதில்தான் இருக்கும், அதனால்தான் லேப்களில் இவ்வளவு சேர்கிறது. இத்தனை நாளுக்கு மேல் பழையதை அழி என்று ஒன்று, இத்தனை ஜிபியைத் தாண்டினால் பழையதிலிருந்து அழி என்று இன்னொன்று. 90 நாள் என்று அதுவே ஒரு எண் காட்டும், தனி ஆளுக்கு அது சரி. நான் 30 நாள் வைத்திருக்கிறேன், குறும்படம் எடுக்கும் மாதத்தில் ஜிபி கணக்குக்கு மாற்றி 20 ஜிபி வைப்பேன். அதற்கு மேல் எங்கள் டிஸ்க்கில் கொடுக்க முடியாது.

இப்போதே காலி செய்ய வேண்டுமென்றால் அதே பக்கத்தில் டெலீட் பட்டன் இருக்கிறது. பயன்படாததை மட்டும் அழிக்கவா, எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்கும். எல்லாவற்றையும் என்பது எந்த ப்ராஜெக்டும் திறக்காமல் முகப்புத் திரையில் இருந்தால்தான் வேலை செய்யும்.

பிரிவியூ ஃபைல்கள் தனிக் கணக்கு. பச்சைக் கோடு வருவதற்காக பிள்ளைகள் என்டர் தட்டித் தட்டி ரெண்டர் செய்கிறார்களே, அதெல்லாம் ப்ராஜெக்டுக்குப் பக்கத்திலேயே சேரும், மேலே சொன்ன 30 நாள் கணக்கு இதைத் தொடாது. ஃபைல் மெனுவில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் போய் ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ் பக்கத்தில் வீடியோ பிரிவியூ, ஆடியோ பிரிவியூ இரண்டையும் 'அழிக்கலாம்' ஃபோல்டருக்கு மாற்றிவிடலாம், ஆட்டோ சேவை மட்டும் ப்ராஜெக்ட் இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். அழிப்பதற்கு சீக்வென்ஸ் மெனுவில் டிலீட் ரெண்டர் ஃபைல்ஸ்.

ரிசால்வ்: இங்கே கொஞ்சம் கூடுதல் கவனம்

இலவசப் பதிப்பே நன்றாக இருப்பதால் பல பள்ளிகள் இதற்குத்தான் போகின்றன. (லினக்ஸ் லேப் என்றால் இலவச ரிசால்வ் ஃபோனின் ஹெச்.264 வீடியோவைத் திறக்காது, அங்கே கேடன்லைவ்தான் நிம்மதி.) ஆனால் கேஷ் விஷயத்தில் மூன்றிலும் அதிகப் பசி இதற்குத்தான்.

ப்ராஜெக்ட் செட்டிங்ஸ், மாஸ்டர் செட்டிங்ஸ் பக்கத்தில் கீழே வொர்க்கிங் ஃபோல்டர்ஸ் என்று இருக்கும். கேஷ் ஃபைல் இடத்தை 'அழிக்கலாம்' ஃபோல்டருக்கும், ப்ராக்ஸி இடத்தையும் கேலரி இடத்தையும் 'வேலை' பக்கத்துக்கும் மாற்றுங்கள். அதே மாஸ்டர் செட்டிங்ஸில் ரெண்டர் கேஷ் வடிவத்தை உயர்தரத்திலிருந்து டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பிக்கு இறக்குங்கள். 1080 வீடியோவுக்கு நிமிடத்துக்கு 1.4 ஜிபி என்பது 300 எம்பிக்குள் வந்துவிடும். லேப் மானிட்டரில் ஒரு பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது, கடைசி எக்ஸ்போர்ட் அசலிலிருந்து போகும்படி வைத்தால், அதாவது டெலிவர் பக்கத்தில் கேஷ் படத்தைப் பயன்படுத்து என்ற டிக்கை எடுத்துவிட்டால், தரமும் குறையாது.

அங்கேயே இன்னொன்று: ஐந்து நொடி சும்மா இருந்தால் பின்னணியில் கேஷ் செய்யத் தொடங்கும் வசதி. பிளேபேக் மெனுவில் ரெண்டர் கேஷ் ஸ்மார்ட் என்று இருந்தால், குழு எழுந்து சாப்பிடப் போகும் அரை மணி நேரத்தில் கனமான பகுதிகளையெல்லாம் அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். யூசர் என்று மாற்றி வைத்தால் நாம் சொன்ன கிளிப்புக்கு மட்டும் செய்யும்.

அழிப்பதற்கு பிளேபேக் மெனுவில் டிலீட் ரெண்டர் கேஷ், அதில் எல்லாம், பயன்படாதது, தேர்ந்தெடுத்தது என்று மூன்று. இங்கேதான் ஒரு வில்லங்கம். ரிசால்வில் ப்ராஜெக்டை அழித்தால் அதன் கேஷ் சேர்ந்து அழியாது. கேஷ்கிளிப்புக்குள் இருக்கும் ஃபோல்டர்களின் பெயர் நீளமான எண்ணும் எழுத்தும் கலந்த குறியீடு, எது யாருடையது என்று மனிதக் கண்ணால் சொல்ல முடியாது. எனவே படம் முடிந்ததும் முதலில் ப்ராஜெக்டைத் திறந்து கேஷை அழி, அப்புறம் ப்ராஜெக்டை அழி. வரிசை மாறினால் அநாதைக் கேஷ் தங்கிவிடும், பிறகு மொத்த கேஷ்கிளிப்பையும் காலி செய்வதுதான் வழி.

ப்ராஜெக்ட் தனி ஃபைலாக இல்லாமல் ப்ராஜெக்ட் லைப்ரரிக்குள் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே விண்டோஸ் லாகினை எல்லோரும் பயன்படுத்தினால் எல்லோருடைய ப்ராஜெக்டும் ஒரே திரையில் வரிசையாக நிற்கும், எட்டாம் வகுப்புப் பையன் தெரியாமல் பன்னிரண்டாம் வகுப்பின் படத்தை அழிக்கலாம். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து குழு ஃபோல்டரில் போடச் சொல்லுங்கள், சின்ன ஃபைல்தான்.

கேடன்லைவ்

மூன்றிலும் எளிது. ப்ராஜெக்ட் மெனுவில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் திறந்தால் கேஷ் டேட்டா என்று ஒரு தாவல், அதில் பிரிவியூ, ப்ராக்ஸி, ஒலி தம்ப்நெயில், வீடியோ தம்ப்நெயில் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும், தனித்தனியாகவே அழிக்கலாம். பிள்ளைகளுக்குக் கேஷ் என்றால் என்ன என்று விளக்க நான் முதலில் காட்டுவது இந்தத் திரையைத்தான். ப்ராக்ஸியும் இந்தக் கேஷ் ஃபோல்டருக்குள்தான் உட்கார்ந்திருக்கும், அதனால் முழு ஃபோல்டரையும் ஒரேயடியாகக் காலி செய்வதற்கு முன்பு எந்தக் குழுவும் பாதிப் படத்தில் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லாகின், சர்வர், டீப் ஃப்ரீஸ்

ஒரு பொது லாகினா, ஆளுக்கு ஒன்றா? சர்வர் இல்லாத, இருபது முப்பது கம்ப்யூட்டர் லேபுக்கு என் ஓட்டு எடிட்டிங்குக்கென்று ஒரே ஒரு பொது லாகினுக்குத்தான். மேலே சொன்ன அமைப்புகள் எல்லாம் லாகினுக்கு லாகின் தனி, ஆளுக்கொரு லாகின் என்றால் ஒவ்வொருவர் கணக்கிலும் போய் மாற்ற வேண்டும், ஒருவர் விட்டாலும் அவருடைய கேஷ் சி டிரைவில் சேரும். பொது லாகினில் ஒரு மெஷினுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கூடவே குழுவுக்கு மெஷினையும் நிரந்தரமாக ஒதுக்குங்கள். கேஷ் அந்த மெஷினிலேயே இருப்பதால், இன்று இங்கே நாளை அங்கே என்று உட்கார்ந்தால் இரண்டு இடத்திலும் கேஷ் உருவாகும், இரண்டு இடத்திலும் காத்திருக்க வேண்டும்.

சர்வரோடு ரோமிங் ப்ரொஃபைல் உள்ள பள்ளி, அதாவது எந்த மெஷினில் லாகின் செய்தாலும் அவரவர் அமைப்புகள் சர்வரிலிருந்து வரும் பள்ளி என்றால் இன்னும் அவசரம். பிரீமியரின் கேஷ் இருப்பது ஆப்டேட்டாவின் ரோமிங் ஃபோல்டரில், அந்த ஃபோல்டர்தான் லாக்-ஆஃப் செய்யும்போது சர்வருக்கு நகலாகிறது. மணி அடித்த பிறகு நாற்பது பேர் ஒன்றாக வெளியேற, ஒவ்வொருவரின் கேஷும் நெட்வொர்க்கில் ஏற, லேப் அப்படியே உறைந்து நிற்கும். கேஷ் இடத்தை டி டிரைவுக்கு மாற்றுங்கள், அல்லது சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் அடோபி ஃபோல்டரை ரோமிங்கிலிருந்து விலக்கும்படி குரூப் பாலிசியில் அமைக்கச் சொல்லுங்கள். ஒன்டிரைவ் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைத் தானாக மேலே ஏற்றும்படி இருந்தாலும் இதே கதைதான். பிரீமியர் ப்ராஜெக்ட் இயல்பாக டாக்குமென்ட்ஸில் உட்காரும், கூடவே பிரிவியூக்களும். இலவசக் கணக்கின் 5 ஜிபி ஒரே மதியத்தில் நிரம்பிவிடும்.

டீப் ஃப்ரீஸ் போட்ட லேபில் ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். இதைப் பயந்து பார்க்க வேண்டியதில்லை, நமக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்ளலாம்: உறைந்திருக்கும் சி டிரைவில் கேஷ், உறையாத டி டிரைவில் 'வேலை'யும் ப்ராக்ஸியும். தினமும் கேஷ் தானாகக் காலியாகும். கேஷ் இடம், ரெண்டர் வடிவம் போன்ற அமைப்புகளை மட்டும் உறைநிலையை எடுத்துவிட்டுச் செய்து, மறுபடி உறைய வையுங்கள். விண்டோஸிலேயே வரும் யூடபிள்யூஎஃப் வடிகட்டியைப் பயன்படுத்தும் பள்ளிகள் மட்டும் இப்படிச் செய்யக் கூடாது. அது எழுதுவதையெல்லாம் ரேமில், அதுவும் மாற்றாவிட்டால் 1 ஜிபிக்குள் வைத்திருக்கும், ரிசால்வ் கேஷ் ஒரு நிமிடத்தில் அதை நிரப்பிவிடும்.

வாராந்திர வேலை

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், பத்து நிமிடம். எல்லா எடிட்டிங் சாஃப்ட்வேரையும் மூடச் சொல்லுங்கள், திறந்திருக்கும்போது கேஷை அழித்தால் சாஃப்ட்வேர் தொங்கிப் போகலாம். டி டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காலியாக இருந்தால் எதையும் செய்ய வேண்டாம், கேஷ் பிள்ளைகளின் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் இருக்கிறது, தேவையில்லாமல் அழித்தால் திங்கட்கிழமை முதல் பீரியட் காத்திருப்பதிலேயே போகும். குறைவாக இருந்தால் 'அழிக்கலாம்' ஃபோல்டருக்குள் இருப்பதை அழியுங்கள், ஃபோல்டரை அல்ல. அப்புறம் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள், நிறையப் பேர் இதை மறந்துவிட்டு இடம் ஏறவே இல்லையே என்கிறார்கள். போட்டிக்கோ விழாவுக்கோ மூன்று நாள் இருக்கும்போது இந்தச் சுத்தம் வேண்டாம், ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

விண்டோஸின் ஸ்டோரேஜ் சென்ஸ் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். டெம்ப் ஃபைல்களையும் ரீசைக்கிள் பின்னையும் அது கவனிக்கும், எடிட்டிங் கேஷ் அதன் கணக்கில் வராது.

இந்த வேலையை நான் இப்போது லேப் லீடர்களாக இருக்கும் இரண்டு மாணவர்களிடம் கொடுத்திருக்கிறேன். மெஷின் நம்பர், அழிக்கும் முன் காலி இடம், அழித்த பின் காலி இடம், கையெழுத்து என்று நோட்டில் எழுதுகிறார்கள். மற்ற பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தந்திருப்பது மூன்றே பழக்கம்: பென்டிரைவிலிருந்து நேராக இழுத்துப் போடாதே, முதலில் ஃபுட்டேஜ் ஃபோல்டருக்கு நகலெடு. ஃபோல்டருக்குப் பெயர் வை, 'நியூ ஃபோல்டர்' இந்த லேபில் இருக்கக் கூடாது. லேபிலும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் இரண்டு நகல் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கும்வரை ஃபோனிலிருந்து அழிக்காதே.

கேஷை அழிக்க இடத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுவும் அதே அளவு முக்கியம். பிரீமியரின் பிரிவியூ ஃபைலும் ப்ராக்ஸி ஃபைலும் விஎல்சியில் போட்டால் ஓடும். படத்திலிருந்து வேண்டாமென்று வெட்டி எறிந்த காட்சி, மேடையில் தடுமாறி அழுத குழந்தையின் முகம், அதெல்லாம் அடுத்த வருடம் அதே கம்ப்யூட்டரில் உட்காரப்போகும் யாரோ ஒருவர் கைக்குக் கிடைக்கும். பிள்ளைகளின் முகம் அப்படிக் கிடக்கக் கூடாது.

வருடக் கடைசி

பரீட்சை முடிந்து ஏப்ரலில் லேப் காலியாகும்போது, முடிந்த படங்களை முதலில் ஒழுங்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரீமியரில் ப்ராஜெக்ட் மேனேஜர் தேவையான ஃபைல்களை மட்டும் ஒரு ஃபோல்டரில் திரட்டித் தரும். ரிசால்வில் ப்ராஜெக்ட் ஆர்க்கைவ், அதில் ரெண்டர் கேஷையும் சேர்க்கவா என்று கேட்கும், வேண்டாம். கேடன்லைவிலும் ஆர்க்கைவ் வசதி இருக்கிறது. இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகலெடுத்து, வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து ஓடுகிறதா என்று பார்த்த பிறகு, லேபில் 'வேலை', 'அழிக்கலாம்' இரண்டையும் காலி செய்யலாம்.

தப்பாக எதையாவது அழித்துவிட்டால்

பதற்றத்தில் அந்த கம்ப்யூட்டரில் எதையும் புதிதாக எழுதாதீர்கள், சாஃப்ட்வேரைக்கூட இறக்க வேண்டாம். ரீசைக்கிள் பின் முதலில். அங்கே இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, அழிந்த ஃபைல்களை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற சாஃப்ட்வேரை ஓட்டினால் மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு, அழித்த இடத்தை ட்ரிம் என்ற வசதி பின்னாலேயே துடைத்துவிடும். எங்கள் குளத்துப் படம் போனது அப்படித்தான்.

அதனால் கம்ப்யூட்டரோடு போராடும் முன்பு, படம் எடுத்த ஃபோனை வாங்கிப் பாருங்கள். ஐஃபோனில் 'ரீசன்ட்லி டெலீட்டட்' ஆல்பத்தில் 30 நாள் இருக்கும். கூகுள் ஃபோட்டோஸின் ட்ராஷில், பேக்கப் ஆன வீடியோ 60 நாள், ஆகாதது 30 நாள். அன்று இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது ஐந்து வாரம் ஆகியிருந்தது, மூன்று ஃபோன்களில் இரண்டில் எதுவும் இல்லை, மூன்றாவதில் பேக்கப் ஆகியிருந்த பதினொரு கிளிப் கிடைத்தது. மீதியைப் பிள்ளைகள் மறுபடி போய் எடுத்துவந்தார்கள்.